சவப்பெட்டிக்கு ஒரு கல்யாணப் பாட்டு

எங்கள் தேவாலயத்தில் தொடங்கிய பாட்டைப் பாதியில் நிறுத்தும் வழக்கம் இல்லை. கூரைத் தகரம் காற்றில் பிய்த்துக்கொண்டு போன ஞாயிறன்றுகூட, மழையில் நனைந்தபடியே கடைசிச் சரணம் வரை பாடிவிட்டுத்தான் ஓடினோம். இதை நாங்கள் பக்தி என்று சொல்லிக்கொள்கிறோம். எதிர்ச் சபைக்காரர்கள் வேறொரு பெயர் சொல்வார்கள். அதை இங்கே எழுத முடியாது.

இந்த வழக்கம் மட்டும் இல்லாதிருந்தால், எஜிர் பெரியவர் செத்துப் பெட்டிக்குள் கிடந்த நிலையில் கல்யாணம் செய்துகொண்டிருக்க மாட்டார். எங்கள் ஆர்கன்காரர் கூக்கு எஷுன், தலை நரைத்த வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து சங்கீதம் படிக்கலாமா என்று யோசித்திருக்கவும் மாட்டார்.

கூக்குவுக்குத் தொழில் ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பது. சால்ட்பாண்டு, அப்பாம் என்ற ஊர்களுக்கு இடையிலுள்ள கடற்கரையில் எந்தக் கடையில் பியர் சில்லென்று கிடைத்தாலும் அதற்குக் கூக்குவின் கைதான் காரணம். ஞாயிறன்று அதே கை ஆர்கனில் இருக்கும். காலால் மிதித்துக் காற்றடிக்கும் பழைய ஆர்கன் அது. இளவயதில் முந்தைய ஆர்கன்காரருக்குப் பின்னால் நின்று, அவர் விரல் போன வழியைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர். புத்தகத்தில் ஐந்து கோடு போட்டுக் கறுப்புப் புள்ளி வைத்திருக்கிறார்களே, அதில் ஒன்றையாவது படிக்க அவருக்குத் தெரியாது. ஆனாலும் புத்தகத்தை எதிரே விரித்து வைப்பார். நடுநடுவே நெற்றியைச் சுருக்கிப் பக்கம் திருப்புவார். நான் பாடகர் குழுவில் கீழ்க்குரல் வரிசையில், ஆர்கனுக்கு நேர் பின்னால் நிற்பவன். அவர் விரிக்கும் பக்கமும் வாசிக்கும் பாட்டும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை என்பது எனக்குத் தெரியும். என்னைப்போல் இன்னும் பலருக்கும் தெரியும். ஆனால் பக்கம் திருப்புவதில் ஒரு கம்பீரம் இருந்தது. சபைக்கு அது போதும்.

இனி மாப்பிள்ளை. எஜிர் பெரியவர் படகுக்காரர். எக்குவாவை மணந்தது எங்கள் வழக்கப்படி. அவள் வீட்டாருக்கு ஜின் புட்டி கொண்டுபோய்க் கொடுத்து, அவர்கள் குடித்துப் பார்த்துத் தலையாட்டி, பெண்ணை அழைத்து வந்தார். நல்ல கல்யாணம்தான். ஆனால் தேவாலயத்தில் மோதிரம் மாற்றாத மனைவிக்கு எங்கள் சபையில் திருவிருந்து கிடையாது. எக்குவா எத்தனையோ வருடம் கேட்டுப் பார்த்தாள்.

பெரியவரின் பதில் மாறவே இல்லை. "வலை இழுக்கிறவன் விரல்ல மோதிரம் இருந்தா விரலும் போயிடும், மீனும் போயிடும்."

ஆக, அப்பமும் திராட்சரசமும் கைமாறும் ஒவ்வொரு ஞாயிறும் மாமே எக்குவா கடைசிப் பலகையில் உட்கார்ந்து தலைத்துணியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பாள். (மாமே என்றால் அம்மா. பிள்ளை பெற்றவளை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.)

பெரியவர் வயதாகிச் செத்தார். தலைநகர் அக்ராவில் வேலை பார்க்கும் மகன்கள் வந்து, ஊர் மெச்ச அடக்கத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். பந்தல், நாற்காலி, பளபளப்பான தாளில் ஒரு நிகழ்ச்சிப் புத்தகம். அதில் பெரியவர் படகோடு ஒரு படம், ஆட்டோடு ஒரு படம், யாருடையதென்று தெரியாத காரோடு ஒரு படம். படங்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் பாட்டுக்கு வெறும் எண்ணை மட்டும் அச்சிட்டார்கள். அடக்கப் பாட்டு: இருநூற்றுப் பதினேழு.

முதல் நாள் மூத்த மகன் ஆர்கன் பக்கம் வந்து, "மாஸ்டர், இருநூற்றுப் பதினேழு தெரியுமில்ல? அப்பா ஒருதடவை டாக்கொராடி துறைமுகத்துல கேட்டுட்டு வந்து, எனக்கு இதான் பாடணும்னு சொல்லிட்டே இருப்பாரு" என்றான்.

"தெரியாம என்ன?" என்றார் கூக்கு.

மகன் சொன்னது இங்கிலீஷ் புத்தகத்தின் எண். எங்கள் சபையோ எங்கள் மொழியான ஃபான்டியில் அச்சான புத்தகத்தில் பாடுவது. அக்ராவுக்குப் போனவர்களுக்கு அது மறந்துவிட்டது. ஊரிலேயே இருப்பவர்களுக்கு வேறொரு புத்தகம் உண்டு என்பதே நினைவில்லை. ஃபான்டி புத்தகத்தில் இருநூற்றுப் பதினேழு, மணமக்கள் பீடத்தின் முன் நிற்கையில் பாடுவது. பெரியவரே ஆசைப்பட்டது என்று மகன் சொன்னதால் கூக்குவும் ஏன் என்று கேட்கவில்லை.

பெட்டி முன்னால் இருந்தது. பக்கத்தில் கறுப்புத் துணியில் மாமே எக்குவா. கூக்கு மிதித்தார். முதல் வரியிலேயே இது கல்யாணப் பாட்டு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் பாட்டு தொடங்கிவிட்டது. அச்சிட்ட எண் அச்சிட்ட எண்தான். நாங்கள் பாடினோம். புது வீடு கட்டப்போகிறவர்களே என்று பாடினோம். ஒலிவக் கன்றுகள் போலப் பிள்ளைகள் பந்தியைச் சுற்றி நிற்கட்டும் என்று, எண்பது வயதுக்காரரின் மூடிய பெட்டியைப் பார்த்துப் பாடினோம். மகன்கள் பாடவில்லை. அவர்கள்தான் ஒலிவக் கன்றுகள். கடைசிச் சரணம் முடிந்து போதகர் வேறு வழியில்லாமல் கையை உயர்த்தி ஆசீர்வதித்தார். அந்த அமைதியில் பின் பலகையிலிருந்து ஒரு குரல்.

"மோதிரம் எங்கப்பா?"

சிரித்தவர்கள் பிறகு வருத்தப்பட்டார்கள். அன்று மாலை அடக்கம் முடிந்து வீடு திரும்பிய மாமே எக்குவா, வாசலில் ஒரு கென்க்கி இலையைக் கண்டாள். கென்க்கி என்பது இலையில் சுற்றி வேகவைத்த சோளமாவு உருண்டை. எங்கள் ஊரில் எல்லாரும் அதைத் தின்றுவிட்டு இலையை எறிவோம். அதை நான்காக மடித்து, நுனியை உள்ளே செருகி வைக்கும் ஆள் ஒருவர்தான் இருந்தார். அவரைத்தான் சற்றுமுன் புதைத்திருந்தோம்.

மறுநாளும் ஓர் இலை. அதற்கு மறுநாளும்.

ஒரு மாதம் பொறுத்துவிட்டு, அவள் மூப்பர் கூட்டத்துக்கு வந்தாள். கூக்குவையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். பாடகர் குழுவின் சார்பில் நானும் இருந்தேன்.

"போதகரே, கல்யாணப் பாட்டு பாடினீங்களா இல்லையா?"

"அது தவறுதலா நடந்தது, மாமே."

"எல்லாச் சரணமும் பாடினீங்களா?"

"பாடினோம்."

"கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணினீங்களா?"

"அது இறந்துபோனவருக்கு."

"பக்கத்துல நான்தானே உக்காந்திருந்தேன்? எம்மேல ஒரு சொட்டுக்கூடச் சிந்தலையா?"

போதகர் கூரையைப் பார்த்தார்.

"சாவு பிரிக்கிற வரைக்கும்னுதானே எல்லாருக்கும் சொல்லிக் கட்டி வெக்கிறீங்க? எங்களுக்குச் சாவு முன்னாடியே வந்துட்டுப் போயிடுச்சே. இனிமே எங்களப் பிரிக்க எது வரும்? சொல்லுங்க. இவரு எப்பத்தான் போவாரு?"

இந்தக் கேள்விக்கு வேதாகமக் கல்லூரியில் பதில் சொல்லித் தரவில்லை போலும். மூப்பர்கள் நெடுநேரம் ஆலோசித்து, அவளுக்கு இனித் திருவிருந்து கொடுக்கலாம் என்று மட்டும் தீர்மானித்தார்கள். கணவரை என்ன செய்வது என்பதை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அடுத்த கூட்டத்துக்கு யாரும் வரவில்லை.

வெளியே வந்ததும் அவள் கூக்குவைப் பிடித்துக்கொண்டாள். "நீதானே கட்டி வெச்சே? நீதான் அவிழ்த்து விடணும். அவரு கேட்ட பாட்ட வாசி. போயிடுவாரு."

"வேற யாரையாவது கேப் கோஸ்ட்டுலேர்ந்து வரச் சொல்லி..."

"எவனோ ஒருத்தன் வாசிச்சா அவரு ஏன் கேக்கப் போறாரு? நீ வாசி."

அந்தப் பாட்டின் மெட்டு ஊரில் யாருக்கும் தெரியாது. எந்தக் கேசட்டிலும் இல்லை. மகன்களுக்குச் சொற்கள்தான் தெரியும். மெட்டு இருந்த ஒரே இடம் இங்கிலீஷ் புத்தகத்தின் ஐந்து கோடுகள். கூக்கு அந்தப் பக்கத்தை விரித்துக் கம்பி வேலியில் உட்கார்ந்த குருவிகளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அதற்குள் அவருக்கும் தொடங்கிவிட்டது.

முதலில் தொண்டைக் கனைப்பு. பெரியவர் எந்த வீட்டுக்குள் நுழையுமுன்னும் ஒருமுறை கனைப்பார். காய்ந்த வலையை இழுப்பதுபோல் இருக்கும். கூக்கு எந்தப் பாட்டைத் தொடங்கினாலும் மூன்றாம் வரி முடியும்போது அவரது இடது தோளருகே அந்தக் கனைப்பு. உடனே விரல்கள் தாமாகவே கல்யாண மெட்டுக்குத் திரும்பிவிடும். அவர் இழுத்துப் பிடிப்பதை நான் பின்னாலிருந்து பார்த்திருக்கிறேன். கழுத்து நரம்பு புடைக்கும். சட்டை முதுகோடு ஒட்டும். விரல்கள் கேட்காது. கனைப்பு எனக்குக் கேட்டதா என்று நீங்கள் கேட்கலாம். நான் கீழ்க்குரல்காரன். என் குரலைவிடக் கீழே ஒரு குரல் அந்த இடத்தில் இருந்தது. அதற்குமேல் கேட்காதீர்கள்.

அறுவடைப் பாட்டு கல்யாணமாக முடிந்தது. ஞானஸ்நானம் கல்யாணமாக முடிந்தது. மணப்பெண்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் சாவு விழுந்த வீடுகள் பயந்தன. "எங்கப்பாவுக்கு ஒருத்தியே போதும், மாஸ்டர்" என்று சொல்லி, பிணத்தை எதிர்ச் சபைக்குக் கொண்டுபோனார்கள். அடக்கம் போனால் காணிக்கையும் போகும். ஆகவே மூப்பர்களுக்கு இப்போதுதான் விஷயத்தின் ஆன்மிகக் கனம் புரிந்தது. மழைக்காலம் முடிவதற்குள் விரலைச் சரிசெய்யாவிட்டால் ஆர்கன் பலகையை விட்டு இறங்க வேண்டும் என்று கூக்குவுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அந்தப் பலகையைத் தவிர கூக்குவுக்கு இந்த ஊரில் வேறு இடம் எதுவும் இல்லை. ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பவனைப் பின்வாசல் வழியாகத்தான் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் பேருந்து நிலையத்துக் குளிர்பானக் கடையில் ஒரு ஃபிரிட்ஜைத் திறந்து வைத்திருந்தார். நானும் உடனிருந்தேன். கம்ப்ரஸர் முனகியது. எல்லாக் கம்ப்ரஸரும் முனகுவதுதான். இது மேலே ஏறி, இறங்கி, ஒரு மூச்சு விட்டு மறுபடி ஏறியது. கல்யாண மெட்டின் முதல் வரி. கூக்கு எட்டிச் சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார்.

முனகல் இரண்டாம் வரிக்குப் போனது.

கடைக்காரி, "சரியாயிடுச்சா மாஸ்டர்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். கூக்கு கையில் ஒயரோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்றுதான் என்னிடம் சொன்னார், பள்ளிக்கூடம் போகப் போவதாக.

அவரது கணக்கு இது. பெரியவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கூக்கு காதால் வாசிக்கும்வரை பெரியவரும் கூடவே வர முடியும், ஏனென்றால் அவருக்கும் காது உண்டு. காகிதத்தைப் பார்த்து வாசித்தால்? அவரால் அங்கே நுழைய முடியாது. பாட்டையும் படித்துவிடலாம், அவரையும் அனுப்பிவிடலாம். சமாதியைத் தாண்டியும் எழுத்தறிவின்மை தொடரும் என்ற இந்தக் கொள்கையை எந்தக் கல்வி அமைச்சகமும் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை.

அவரது மனைவி அராபா ரொட்டி சுடுபவள். அடுப்பிலிருந்து தகரத்தட்டை இழுத்தபடியே கேட்டாள்.

"அரைக்கால் சட்டை தெக்கணுமா, இல்ல முழுக்கால் சட்டையே போதுமா?"

"கேலி பண்ணாத, அராபா."

"மதியத்துக்கு என்ன கட்டித் தரட்டும்? அழுதா யாரு மூக்குத் துடைச்சு விடுவாங்க?"

"ரெண்டு வருஷம்தான். திங்கள் போனா வெள்ளி வந்துடுவேன்."

"ஊர்ல இருக்கிற ஃபிரிட்ஜ் எல்லாம் வெள்ளிக்கிழமை மட்டும் கெட்டுப்போகுமா?" தட்டைக் கீழே வைத்தாள். பிறகு, கேலி இல்லாத குரலில், "தூக்கத்துல எம்முதுகுல வாசிக்கிறே, தெரியுமா? அந்தப் பாட்டதான். எனக்கு விடியற வரைக்கும் கண்ணு மூடுறதில்ல. போய்ப் படி" என்றாள்.

இசைப்பள்ளி மேற்கே, வண்டியில் ஒரு மணி நேரம். தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துப் போனார். தேர்வு செய்பவர் குமாரி டாட்ஸி. கூக்குவின் மகள் வயதுதான் இருக்கும். ஏதாவது வாசிக்கச் சொன்னாள். கூக்கு ஓர் ஈஸ்டர் பாட்டைத் தொடங்கினார். மூன்றாம் வரியில் அவர் தோள் துள்ளியது. மீதியை நீங்களே ஊகிக்கலாம்.

"அழகா இருக்கு. கல்யாணத்துல வாசிக்கிறவரா, ஐயா?"

"சாவுல வாசிக்கிறவன், மேடம்."

அவள் ஒரு காகிதத்தை எதிரே வைத்தாள். "இத வாசிங்க பாப்போம்."

கூக்கு நெற்றியைச் சுருக்கினார். சற்று நேரம் காத்திருந்தார். பிறகு வழக்கமான கம்பீரத்தோடு பக்கத்தைத் திருப்பினார்.

"ஐயா, இது ஒரு பக்கம்தான்" என்றாள் அவள் மெதுவாக.

நான் சன்னலைப் பார்த்தேன். அத்தனை வருடம் சபை முழுக்கக் காப்பாற்றிய மரியாதை அந்த அறையில் அரை நிமிடத்தில் முடிந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. அடிப்படை வகுப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னாள். உடன் படிப்பவர்களுக்கெல்லாம் பதினேழு, பதினெட்டு வயது.

 ஊர் திரும்பியதும் வீட்டு வாசலில் கூக்கு சொன்னார், "வேணாம். விட்டுடறேன். பலகையையும் விட்டுடறேன்."

செய்தி மாமே எக்குவாவுக்கு எப்படிப் போனதோ, மறுநாள் காலை கையில் ஒரு மூட்டையோடு வந்து நின்றாள்.

"எடம் கெடச்சும் போகலையாமே?"

"முடியாது, மாமே. பொடிப்பசங்க நடுவுல... அதுவுமில்லாம, எழுத்து ஒண்ணும் மண்டையில ஏறாது."

"ஏறுதோ ஏறலையோ, நீ போ. போறப்ப அவரையும் கூட்டிட்டுப் போ."

கூக்கு என்னைப் பார்த்தார். நான் மூட்டையைப் பார்த்தேன்.

"இங்க பாரு மாஸ்டர். அவரு உசுரோட இருந்தப்ப நாள் முழுக்கக் கடல்ல இருப்பாரு. செவ்வாக்கிழமை கடலுக்கு லீவு, அன்னிக்கு ஒருநாள் வீட்டுல கெடந்தாலே எனக்குத் தலைவலி வரும். இப்ப செத்த நாள்லேர்ந்து தினமும் வீடு. காலையில வீடு, மதியம் வீடு. அடுப்புக்கிட்ட வந்து நிக்கிறாரு. குழம்ப எட்டிப் பாக்குறாரு. முகம் தெரியல, ஆனா எட்டிப் பாக்குறது தெரியுது. நான் யார்கிட்ட சொல்ல? உன் தோள்லயும்தான் இருக்காரே, வாரத்துக்கு அஞ்சு நாள் வெச்சுக்கோ. வெள்ளிக்கிழமை கொண்டுவந்து விடு."

"அவரு வருவாரா?"

"சொல்லிட்டேன். வரேன்னாரு." மூட்டையை நீட்டினாள். "கென்க்கி. ரெண்டு பேருக்கும்."

அவள் போன பிறகும் கூக்கு மூட்டையைப் பிடித்தபடி நின்றார். போகாவிட்டால் பலகை இல்லை, தூக்கம் இல்லை. போனால் செத்தவர் துணை. பெரியவரிடமிருந்து தப்பிப்பதற்குத்தான் பள்ளிக்கூடம். அந்தப் பள்ளிக்கூடத்துக்கே பெரியவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போகச் சொல்கிறாள் கிழவி. கல்வியின் பயன் குறித்து இதைவிடக் கடினமான கேள்வியை யாரும் எதிர்கொண்டதாக நான் படித்ததில்லை.

திங்களன்று போனார். மூப்பர்கள் மாணவருக்குச் சலுகை அளித்து, படிப்பு முடியும்வரை பலகையை அவர் பெயரிலேயே விட்டுவைத்தார்கள். அடக்கத்துக்கு மட்டும் ஆர்கன் மூடியிருக்கும். வெறும் குரலில் பாடுவோம். சாவு வீடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. மாமே எக்குவாவின் வாசலில் திங்கள் முதல் வியாழன் வரை இலை இல்லை. வெள்ளி மாலை இருக்கும்.

அடுத்த வருடம் மழை விட்ட பிறகு, வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது கூக்குவைப் பார்த்தேன். வகுப்பறையில் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தார். கால் முட்டி மேசைக்குள் அடங்கவில்லை. பொடியன்கள் "தாத்தா, தாத்தா" என்று பென்சில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வெளியே போனபின் இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்தார். விரலைக் கோட்டின்மேல் வைத்து மெல்ல நகர்த்தினார். கண்ணும் கூடவே போனது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கடைசிப் புள்ளியில் விரல் நின்றபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"நல்ல பாட்டுடா. அலை பின்வாங்கற மாதிரி போகுது. இதத்தான் கேட்டிருக்காரு பாவம்."

"தெரிஞ்சுபோச்சா! அப்ப வாசிச்சுக் காட்டேன். ஆர்கன் அங்கதானே இருக்கு?"

"வேணாம்."

"ஏன்?"

"பக்கத்துல உக்காந்திருக்காரு."

அவர் அருகிலிருந்த நாற்காலியை நான் பார்க்கவில்லை. பார்க்காமலேயே அறையைவிட்டு வெளியே வந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை இருவரும் ஒரே வண்டியில் ஊர் திரும்பினோம். இருவரும் என்றுதான் எழுதுகிறேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மாமே எக்குவா வாசலில் நின்றாள். நல்ல துணி உடுத்தியிருந்தாள். கழுத்தில் மணிமாலை. அடுப்பிலிருந்து செம்பனைப் பழக் குழம்பு மணந்தது. அவளுக்கு ஒருத்திக்கு அந்தப் பானை அதிகம்.

"என்ன மாஸ்டர், கத்துக்கிட்டியா அந்தப் பாட்ட?" என்று கேட்டாள். குரல் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

கூக்கு அவளைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"எங்க, மாமே. எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி இருக்கு. இந்த வருஷமும் தேறாதுன்னுதான் மேடம் சொல்றாங்க."

அவள் விரல்களில் ரத்தம் திரும்பியது.

"அதுக்கென்ன? எல்லாருக்கும் ஒரே மாதிரியா மண்ட இருக்கும்? அவசரப்படாத. மெதுவாப் படி."

கூக்கு விடைபெற்றுத் திரும்பினார். தெருவில் நான்கு எட்டு வைத்தபோது அவர் இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார், கனமான சுமையை இறக்கி வைத்தவர்போல. எங்களுக்குப் பின்னால் கதவு சாத்தும் ஓசை. பிறகு உள்ளேயிருந்து மாமே எக்குவாவின் குரல், யாரையோ அதட்டியது.

"கால்ல மணலோடயா உள்ள வர்றது? கழுவிட்டு வா. தட்டு வெச்சிருக்கேன்."